கரடியை மாற்ற வேண்டிய நேரம்

மேடம், உங்கள் மகளும் இந்த ஆட்டம் ஆடுகிறாள் என்று வெளியே கான்ஸ்டபிள் சொன்னார். அதுவும் மேய்ப்பனைத்தான் எடுக்கிறாளாம். நல்ல தேர்வு. கரடியை வைத்துத் தொடங்க வேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள். புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற தப்பு அது. கரடியைப் பார்த்தால் தைரியம் வரும். அந்தத் தைரியம் பத்து விநாடிக்கு மேல் நிற்காது.

நீங்கள் கேட்டது ஷட்டரைப் பற்றி. மறக்கவில்லை. இதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் உங்களுக்குப் பாதிதான் புரியும். பாதி புரிந்த வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு நீங்களும்தான் என்ன செய்வீர்கள்?

என் பெயர் மேக்ஸ்வெல். வயது நாற்பத்தொன்று. ராபர்ட்சன்பேட்டையில் கேம் சென்டர் வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்கு முன் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தேன். அதனால் ஊரில் எல்லோருக்கும் இன்னும் நான் ‘சார்’தான். மற்ற இடங்களில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஆடிவிட்டுப் போவார்கள். என்னிடம் கற்றுக்கொள்ள வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பு. மேய்ப்பனை ஆடுவதற்கு ஒன்பது விதிகளை என் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். தாய்மார்கள் வாசலில் நின்று, “இன்னா சார், எங்க பொண்ணு ஒழுங்கா ஆடுதா?” என்று பள்ளிக்கூடத்தில் கேட்பதுபோலக் கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஆட்டம் எளிது. திரையில் ஒரு மேடை, அதன்மேல் இரண்டு பேர் மோதுவார்கள். எதிராளியை மேடைக்கு வெளியே தள்ளினால் வெற்றி. மற்ற வீரர்கள் தாங்களே இறங்கி அடிப்பார்கள், அடி வாங்குவார்கள். மேய்ப்பன் பின்னால் நிற்பான். அவனிடம் மூன்று மிருகங்கள்: கீரி, கரடி, ராஜாளி. ஒரு நேரத்தில் ஒன்றுதான் மேடையில் இருக்கும். கீரிக்கு வேகம் உண்டு, ஆனால் அதன் அடி எறும்பு கடித்த மாதிரி. கரடி ஓர் அடி அடித்தால் போதும். அந்த ஓர் அடியை அது ஓங்குவதற்குள் எதிராளி டீ குடித்துவிட்டே வந்துவிடலாம். ராஜாளி பறக்கும்; விளிம்பில் தொங்கிக்கொண்டிருப்பவனை முடித்துவைக்கும். எதையும் அதிக நேரம் மேடையில் வைத்திருந்தால் களைத்துப்போகும். உள்ளே அழைத்தால் இளைப்பாறிக்கொள்ளும். ஆக, இங்கே வித்தை அடிப்பதில் இல்லை, மாற்றுவதில் இருக்கிறது.

கீரியோடு தொடங்க வேண்டும். எதிராளி எப்படிப்பட்டவன் என்று அது மோப்பம் பிடித்துவிடும். கணக்கு வைத்துக்கொண்டு மாற்றக் கூடாது, அந்தக் கணக்கை அவனும் கண்டுபிடித்துவிடுவான். அவனைத் தூரத் தள்ளிவிட்டு அப்புறம் மாற்ற வேண்டும். மாறுகிற அரை விநாடிக்கு மிருகத்தின்மேல் எந்த அடியும் படாது. தெரிந்தவன் அந்த அரை விநாடியைக் கேடயமாக்கிக்கொள்வான். எதிராளி பக்கத்தில் உட்கார்ந்து ஆடினால் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அவனுடைய வலது பெருவிரலை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். அடி அங்கேதான் பிறக்கிறது, திரைக்குப் பிறகுதான் வருகிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து, யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் பெருவிரலைப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. உங்களுடையதையும் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான்காவது விதி: அடிபட்ட கரடியை உடனே மாற்று. அது பெரிய உடம்பு; இன்னோர் அடி பட்டால் மேடையை விட்டுப் பறந்துவிடும். ஒன்பது விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதில் ஒரு கருணை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தென்றலை ஆறு வருடமாகத் தெரியும். சாம்பியன் ரீப்ஸில் தங்க மைன் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பெண். அப்பா நெடுஞ்செழியன் விடிகாலை ரயிலில் பெங்களூருக்குப் போய் வேலை பார்க்கிறவர். படிப்பு முடிந்ததும் இவளும் அதே ரயிலில் போகத் தொடங்கினாள். ஒரு கம்பெனியில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் பெயர் விலாசங்களை ஏற்றுகிற வேலை. போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். அந்த ஐந்து மணி நேரமும் என் ஆட்டங்களின் வீடியோவைப் போனில் ஓட விட்டு, நிறுத்தி, மறுபடி ஓட விட்டுப் பார்ப்பாள். இப்படி ஒரு மாணவி கிடைப்பது எந்த ஆசிரியருக்கும் பாக்கியம். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடம் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள்.

“சார், அடிபட்ட கரடிக்கு அடி ஜாஸ்தியாவுது சார். ரயில்ல உக்காந்து ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தேன். அந்த நேரத்துல போய் அத உள்ள கூப்டுக்கினா இன்னா பிரயோஜனம்?”

“இன்னோர் அடி தாங்காதும்மா. போயிடும்.”

“அது தாங்கவே வேணாம் சார். நாம மாத்துவோம்னுதான் எல்லாரும் காத்துகினு இருக்காங்க. மாத்தாம ஒரே ஒரு அடி அடிச்சா?”

நான் கோபப்படவில்லை. நான்காவது விதியை நோட்டில் ஐம்பது முறை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். இருபத்து மூன்று வயதுப் பெண், சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு வந்தாள். அவள் மனதில் கள்ளம் கிடையாது, மேடம். அதுவே ஒரு குறைதான்.

ஆகஸ்டில் சாம்பியன் ரீப்ஸ் சமுதாயக் கூடத்தில் போட்டி நடந்தது. நான் வழக்கமாகப் போட்டிகளில் இறங்குவதில்லை. அந்த முறை பிள்ளைகளுக்கு ஒரு நல்ல இறுதி ஆட்டத்தைக் காட்டலாமே என்று பெயர் கொடுத்தேன். இறுதியில் நானும் தென்றலும். இரண்டு பேருமே மேய்ப்பன். கூடத்தில் நூற்றைம்பது பேர் இருந்திருப்பார்கள். நெடுஞ்செழியன் லீவு போட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கடைசிப் புள்ளியில் அவளுடைய கரடி நன்றாக அடிபட்டு நின்றது. இனி மாற்றித்தான் ஆக வேண்டும். அது மாறி முடிகிற இடத்துக்கு என் ராஜாளியை முன்கூட்டியே அனுப்பினேன். சரியான முடிவு. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் செய்வேன். அவளுடைய பெருவிரலையும் பார்த்தேன். அது மாற்றுகிற பொத்தான் பக்கம் போயிற்று, தொடாமல் திரும்பிவிட்டது. என் ராஜாளி வந்து இறங்கிய இடத்தில் கரடி கையை ஓங்கிக்கொண்டு நின்றது. ஓர் அடிதான்.

ஆரவாரம் அடங்கியதும் அவள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். “எனக்கு எல்லாமே சார்தான் கத்துக்குடுத்தாரு,” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “ஆனா சார், கரடிய மாத்தாதீங்க சார்,” என்றாள். செல்லமாகத்தான் சொன்னாள். கூடமே சிரித்தது. என் நண்பன் ராஜ்குமார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். நானும் சிரித்தேன். அன்று எடுத்த போட்டோ சென்டரில் மாட்டியிருக்கிறது. போய்ப் பாருங்கள், எல்லோரையும்விட நான்தான் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் வந்து பார்த்தால், சுவரில் நான்காவது விதியை யாரோ பேனாவால் அடித்துவிட்டு, ‘மாற்றாதே. இது தென்றல் முறை’ என்று எழுதியிருந்தார்கள். நான் அதை அழிக்கவில்லை. தாய்மார்கள், “சார், தென்றல் ஆடுதே, அந்த மாதிரியே சொல்லிக்குடுங்க சார்,” என்றார்கள். சரிம்மா என்றேன். வகுப்பில் இருபது பேரும் அடிபட்ட கரடியை மேடையிலேயே வைத்துக்கொண்டு நிற்கத் தொடங்கினார்கள். பாதிப் பேர் தோற்றார்கள். மீதிப் பாதி ஜெயித்ததைத் தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும்.

செப்டம்பரில் பெங்களூர் அணி ஒன்று அவளைத் தேர்வுக்குக் கூப்பிட்டது. எடுபட்டால் ஆடுவதே வேலை. ரயில் ஏற வேண்டியதில்லை. மைசூர்பாக்கோடு வந்து முதலில் என்னிடம்தான் சொன்னாள். எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. கூடவே ஒரு கவலை. தவறான முறையை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய இடத்துக்குப் போகிறாளே. அங்கே தோற்றால் தாங்குவாளா? ஜெயித்துவிட்டால் அதைவிட ஆபத்து. மாநிலம் முழுக்கப் பிள்ளைகள் அந்தத் தவறையே கற்றுக்கொள்வார்கள். ஓர் ஆசிரியர் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. நீங்களே சொல்லுங்கள்.

இப்போது ஷட்டர்.

அதன் ஸ்பிரிங் ஜூன் மாதமே உடைந்துவிட்டது. ஸ்பிரிங் இல்லாத ஷட்டர் வெறும் இரும்புப் பாரம். ஒரே மூச்சில் மேலே தூக்க முடியாது. முதலில் முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, இடது பக்கம் ஒரு டிரில் ராடை முட்டுக் கொடுத்து நிறுத்துவோம். மைனில் பாறையைத் துளைக்கிற இரும்புக் கம்பி அது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒன்று கிடக்கும். மூச்சு வாங்கிக்கொண்டு, நான் வலது பக்கக் கைப்பிடியைப் பிடித்துப் பாரத்தை என் கைக்கு வாங்கிக்கொண்டு “எடு” என்பேன். ராஜ்குமார் ராடை உருவுவான். பிறகு இரண்டு பேருமாக மேலே தள்ளிவிடுவோம். மூன்று மாதமாக ஞாயிறுதோறும் இப்படித்தான். ராஜ்குமார் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். வாரம் ஆறு நாள் பெங்களூரில் வயரிங் வேலை. ஏழாம் நாள் எனக்கு உதவி. நான் “எடு” என்றால் எடுப்பான். ஏன் என்று கேட்கிறவன் அல்ல.

மெக்கானிக் மரியகுழந்தை உங்களிடம் சொன்னது உண்மை. தேர்வுக்கு முந்தைய வாரம் அவர் புது ஸ்பிரிங்கோடு வந்தார். “இப்பவே மாட்டிட்டுப் போறேன் சார், ஒரு மணி நேர வேலை,” என்றார். அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். “விழுந்து எவன் தலையாச்சும் போச்சுன்னா இன்னா சார் பண்ணுவீங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார். தலையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அந்த அளவுக்கு நான் கெட்டவன் அல்ல.

ஆடும்போது கையில் பிடிக்கிற தன் கண்ட்ரோலரைத் தென்றல் எப்போதும் உள்ளே அலமாரியில் வைப்பாள். சனிக்கிழமை கடையை மூடும்போது அதை எடுத்து, கதவுக்கு உள்பக்கம் வலது ஓரத்தில் தரையில் வைத்தேன்.

ஞாயிறு காலை ஒன்பதே முக்கால். அவள் அன்று மத்தியானமே தேர்வுக்குப் பெங்களூர் கிளம்ப வேண்டும். கண்ட்ரோலரை எடுத்துக்கொண்டு போக வந்திருந்தாள். ஷட்டரை முழங்கால் உயரம் தூக்கி ராடை முட்டுக் கொடுத்தோம். ராஜ்குமார் ராடுக்குப் பக்கத்தில் தெருவைப் பார்த்து நின்று, எதிர்க் கடைக்காரரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். நான், “தென்றல், உன் கண்ட்ரோலர் கதவோரமாவே இருக்கு பாரு, குனிஞ்சு எடுத்துக்கோ,” என்றேன். அவள் மண்டியிட்டு வலது கையை உள்ளே நீட்டினாள். எட்டவில்லை. கண்ட்ரோலரின் வயரைப் பிடித்து இழுத்தாள். வந்தது. அதை வெளியே கொண்டுவரும்போது அவள் கை வாசற்படியின் இரும்புச் சட்டத்தின்மேல் இருந்தது, பெருவிரல் மேலே.

என் கை கைப்பிடியில் இருந்தது. பாரத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

“எடு,” என்றேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். தண்ணீர் வேண்டுமானால் குடியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

கோலார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவளுடைய கையை என் மடியில் வைத்துத் துண்டால் கட்டிப் பிடித்திருந்தேன். என் சட்டை முழுக்க ரத்தம். டாக்டர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். பெருவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த இரண்டு விரல்களும் நசுங்கிப்போயின. அந்த இரண்டு விரல்களுக்காக எனக்கு உண்மையிலேயே வருத்தம். அவை கணக்கில் இல்லை.

ஆபரேஷன் நடக்கும்போது ராஜ்குமார் வராந்தாவில் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தான். “நீ சொன்னியே மேக்ஸு, எடுன்னு சொன்னியே,” என்றான். நான் அவன் தோளில் கை வைத்து, “நான் இன்னும் சொல்லவே இல்லையே ராஜா,” என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. அவன் என் முகத்தையே பார்த்தான். முப்பத்தைந்து வருடப் பழக்கம். தன் காதை நம்புவதா, என்னை நம்புவதா என்று வந்தபோது என்னை நம்பினான். நெடுஞ்செழியன் வந்ததும் அவர் காலில் விழுந்து, “நான்தான்ணா அவசரப்பட்டு உருவிட்டேன்,” என்று அழுதான். நெடுஞ்செழியன் அவனைத் தூக்கி நிறுத்தினார். அவரும் அழுதார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. ராஜ்குமார் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டான். அவன் மனைவி மாலா வந்து, “அண்ணா, சோத்துல கைய வெச்சிக்கினு அந்தக் கையையே பாத்துகினு உக்காந்துக்கிறாரு. நீங்க வந்து ரெண்டு வார்த்த சொல்லுங்கண்ணா,” என்றாள். போனேன். யாருக்கும் நடக்கக்கூடியதுதான், மனதைத் தேற்றிக்கொள் என்று அவனுக்கு ஆறுதல் சொன்னேன். மாலா காப்பி போட்டுக் கொடுத்தாள்.

என் அப்பா மைனில் கேஜை, அதாவது ஆட்கள் நின்று போகிற இரும்புக் கூண்டை, இறக்கி ஏற்றுகிற எஞ்சின் டிரைவர். அங்கே ஒரு சட்டம் உண்டு: மணி அடித்தால் டிரைவர் லீவரை இழுக்க வேண்டும். தவறான மணி அடித்து ஆள் செத்தால், குற்றம் மணி அடித்தவனுடையது. லீவரை இழுத்தவனுடையது அல்ல. இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ராஜ்குமாரிடம் இதைச் சொல்லியிருக்கலாம்தான். நீங்கள் கேட்கிறபோதுதான் அது தோன்றுகிறது.

நவம்பர் கடைசியில் தென்றல் தன் அம்மா யசோதாவோடு சென்டருக்கு வந்தாள். ஷட்டருக்குப் புது ஸ்பிரிங் போட்டாகிவிட்டது; அவள் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

“சார், என் கண்ட்ரோலர் ஏன் கதவாண்ட இருந்திச்சி?”

“அலமாரியைத் துடைச்சேன்மா.”

“மத்தவங்களுது எல்லாம் அலமாரியிலதான் சார் இருந்திச்சி.”

நான் அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“நீங்க ‘எடு’ன்னு சொன்னீங்க. என் காதுல விழுந்திச்சி.”

“வலியில உனக்கு அப்படித் தோணியிருக்கும் தென்றல்.”

“வலி அப்பாலதான் சார் வந்திச்சி. ‘எடு’ முன்னாடியே வந்திச்சி.”

யசோதா முன்னால் வந்தார். மகளின் கட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டார், நான் அதைப் பார்க்கக்கூடாது என்பதுபோல. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அங்கிருந்து நேராக ராஜ்குமார் வீட்டுக்குப் போய், அவன் காதில் விழுந்தது சரிதான் என்று சொல்லிவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறார்கள். அன்றைக்கு அவன் ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டான் என்று மாலா சொன்னாளாமே. கேட்க எனக்கும் நிம்மதியாக இருக்கிறது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கண்ட்ரோலரைக் கதவோரம் வைத்தது நான். ஸ்பிரிங்கை மாட்ட விடாதது நான். கை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பாரத்தை வாங்காமல், “எடு” என்று சொன்னது நான். ராஜ்குமாருக்கு எதுவும் தெரியாது. தென்றல் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

நீங்கள் காட்டிய வீடியோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பங்காருபேட்டைப் போட்டி. கண்ட்ரோலரை மடியில் கவிழாமல் கட்டிவைத்துக்கொண்டு, இடது பெருவிரலாலேயே நகர்த்துகிறாள், அடிக்கிறாள். வலது கையில் மிஞ்சிய விரல்கள் மாற்றுகிற பொத்தானை மட்டும் பார்த்துக்கொள்கின்றன. ஜெயித்திருக்கிறாள். மூன்று முறை பார்த்தேன். எதிரே ஆடியவன் சுமார்தான். கரடி அடிபட்டு நிற்கிறது, அப்போதும் மாற்றவில்லை. இத்தனை நடந்தும் அவள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, மேடம். மூன்றாவது முறை பார்க்கும்போது திரையை விட்டுவிட்டு அவளுடைய இடது பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அருமையான விரல்.

கொடுங்கள், படித்துப் பார்த்துவிடுகிறேன். தேதி சரி. நேரம் சரி. கீழே, காரணம் என்கிற இடத்தில் ‘பொறாமை’ என்று போட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள். சொந்த மாணவிமேல் எந்த ஆசிரியருக்காவது பொறாமை வருமா? ‘அக்கறை’ என்று எழுதுங்கள். இப்போதே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.